என் கட்டுரையை நம்பிய பெண்: கல்முனை வழியாக வரிப்பத்தான்சேனைக்கு

இந்தப் பயணத்தை நான் திட்டமிடவில்லை. ஜனவரி கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பெப்ரவரி முதல் வாரம் நான்கு நாள் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிழக்குக்குப் புறப்பட்டேன். வழக்கமாக இங்கே நான் எழுதும் தங்குமிடம், கடற்கரை, சாப்பாடு போன்ற விபரங்கள் இந்தப் பதிவில் குறைவாகத்தான் இருக்கும். அம்பாறைக் கரையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பாதை விபரம் பயன்படலாம். மற்றவர்கள் என்னோடு கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

முதலில் ஒரு பழைய விசயம். மூன்று வருடங்களுக்கு முன் மன்னாருக்குப் பறவை பார்க்கப் போய்வந்து ஒரு பதிவு எழுதினேன். வாசகர்கள் அதிகம் பகிர்ந்த பதிவு அதுதான். வடக்கே எங்கோ குளிர் தேசத்திலிருந்து வரும் பறவைகளுக்கு வழி எப்படித் தெரிகிறது என்று அதில் விளக்கியிருந்தேன். பறவையின் கண்ணில் ஒரு புரதம் இருக்கிறது. அதில் நீல ஒளி பட்டதும் ஓர் இலத்திரன் இடம் மாறி, இரண்டு இலத்திரன்கள் ஒரு சோடியாகின்றன. பூமியின் மிக மெல்லிய காந்தப் புலம் அந்தச் சோடியின் போக்கைச் சற்று மாற்றுகிறது. அந்த மாற்றம் பறவைக்குத் திசையாகத் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குவாண்டம் விதிகள் உயிருள்ள ஒரு மூலக்கூறுக்குள் வேலை செய்கின்றன என்பதற்கு இது அழகான உதாரணம். நான் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகப் பௌதிக ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஆய்வாளர் இல்லை. கருவிகளைப் பழுதுபார்த்து, மாணவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆனால் இந்த விசயத்தில் எனக்கு அளவில்லாத ஆர்வம்.

அந்த ஆர்வத்தில் பதிவின் கடைசியில் இப்படி எழுதிவிட்டேன்: "நமது உடலும் ஒரு குவாண்டம் இயந்திரமே. இந்த நுட்பம் கைவரும் நாளில் நோய்கள் நம்மைத் தொடுவதற்கு முன்பே நாம் அவற்றைத் தொட்டுவிடுவோம்."

இப்போது வாசிக்கும்போது கூசுகிறது. அன்று அதை எழுதி முடித்துவிட்டு எழுந்துபோய்த் தேநீர் ஊற்றிக் குடித்தது நினைவிருக்கிறது. அவ்வளவு திருப்தி.

மின்னஞ்சலை எழுதியவர் ரிஸ்வானா. கல்முனைக்குடியில் இருக்கும் கணித ஆசிரியை. (பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். காரணம் பிறகு வரும்.) அவருடைய அக்கா பரீதாவுக்கு நாற்பத்தேழு வயது. பத்து மாதங்களுக்கு முன் மார்பில் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. வைத்தியசாலையில் சோதித்துவிட்டுச் சத்திரசிகிச்சை வேண்டும் என்றார்கள். பரீதா போகவில்லை. அந்த வாரம் கல்முனையில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்த ஒருவரிடமிருந்து "குவாண்டம் பதக்கம்" ஒன்றை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "அந்தப் பதக்கத்தோட ஒரு நோட்டீஸ் குடுக்காங்க. அதில இரிக்கிறது உங்கட எழுத்து. நான் சொன்னா ராத்தா கேக்கிறா இல்ல. நீங்க வந்து சொன்னாக் கேப்பா" என்று எழுதியிருந்தார். கூடவே நோட்டீஸின் படம். என் பறவைப் படம், என் கடைசி இரண்டு வரிகள், சிவப்பு எழுத்தில். கீழே என் பெயருக்கு முன்னால் "விஞ்ஞானி" என்று போட்டிருந்தார்கள்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 6.05 ரயிலில் புறப்பட்டேன். முற்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு ஆசனம், 2,200 ரூபாய். மட்டக்களப்புக்கு 3.20க்குப் போய்ச் சேர்ந்தது. (வலது பக்க ஜன்னலில் பிற்பகல் முழுக்க வெயில் அடிக்கிறது. இடது பக்கம் எடுங்கள்.) மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கல்முனை பஸ்ஸுக்குக் காத்திருக்கவே தேவையில்லை, பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. 40 கிலோமீற்றர், 180 ரூபாய், ஒன்றேகால் மணித்தியாலம். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்லாற்றுப் பாலங்கள் என்று ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகப் போகும் இந்தப் பாதை அழகானது. நான் அன்று அதைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பையிலிருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்குள் இருந்தது கதிர்வீச்சு அளக்கும் சின்னக் கருவி ஒன்று. ஆய்வுகூடத்தில் கையொப்பமிட்டு எடுத்துவந்தது. இப்படியான பதக்கங்கள் சிலவற்றில் கதிரியக்கமுள்ள தாதுப் பொடி கலந்திருப்பதை வெளிநாடுகளில் கண்டுபிடித்து எச்சரித்திருந்தார்கள். "சக்தி வெளிவருகிறது" என்று விற்பவர்கள் சொல்வதில் சிலவேளை அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் கருவியை எடுத்துப்போனேன்.

ரிஸ்வானா பஸ் தரிப்பிடத்துக்கே வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்பு அபாயா, கையில் திருத்தாத கணக்குக் கொப்பிக் கட்டு. கணவர் கட்டாரில். வீட்டில் தேநீர் தந்துவிட்டு, அக்காவைப் பற்றி நேரடியாகச் சொல்லத் தொடங்கினார்.

"எங்கட உம்மாவுக்கும் இதே வருத்தம்தான் மிஸ். வெட்டினாங்க. மூணு மாசத்தில மவுத்தாப் போயிட்டா. அப்ப ராத்தாதான் ஆஸ்பத்திரியில கூட நிண்ட. அதில இருந்து வெட்டுறண்ட கதையே அவக்கு ஏலா."

"உம்மாவுக்கு எப்ப கண்டுபிடிச்சவங்க?"

"முத்தினாப் பிறகு. ஆனா ராத்தா நினைக்கிற, வெட்டினதாலதான் உம்மா போனா எண்டு."

ஆக, பரீதா முட்டாள்தனத்தால் அந்தப் பதக்கத்தைப் போடவில்லை. தன் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து தப்பிக்கப் போட்டிருக்கிறார். அதற்கு அறிவியலின் குரலில் ஒருவர் அனுமதி கொடுத்திருந்தார். அந்த ஒருவர் நான்.

மறுநாள் காலை 8.15க்கு ஆட்டோவில் புறப்பட்டோம். கல்முனையிலிருந்து வரிப்பத்தான்சேனை 31 கிலோமீற்றர், ஆட்டோவுக்கு 3,500 ரூபாய். கரையோரப் பிரதான வீதியில் காரைதீவு வரை தெற்கே போய், சந்தியில் மேற்கே திரும்பிச் சம்மாந்துறையைக் கடந்தால் இருபக்கமும் வயல்தான். பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. வீதியின் ஓர் ஓரத்தை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். அறுவடை இயந்திரம் ஒன்று வீதியைக் கடக்கும்வரை இருபது நிமிடம் நின்றோம்.

ஆட்டோ ஓட்டிய ஹனீபா நாநாவின் கைத்தொலைபேசி முன்னால் மாட்டியிருந்தது. அதன் முதுகில் தங்க நிறத்தில் வட்டமான ஸ்டிக்கர் ஒன்று.

"அது என்ன நாநா?"

"இதா? குவாண்டம் ஸ்டிக்கர் மிஸ். போன்ல இருந்து வாற கதிர உறிஞ்சுமாம். மருமகன் ஒட்டித் தந்த."

"உறிஞ்சுதா?"

"ஆருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். "ஒட்டினாக் கழட்ட ஏலாது. அது மட்டும் உண்மை."

நானும் சிரித்தேன். ரிஸ்வானா சிரிக்கவில்லை.

இறக்காமம் பக்கம் வந்ததும் யானை வேலிகள் தெரிந்தன. ஓரிடத்தில் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. முந்தாநாள் யானை வந்து அறுக்கவிருந்த வயலை மிதித்துவிட்டுப் போனதாக ஹனீபா சொன்னார். "வேலி போட்டாலும் அதுகளுக்கு வழி தெரியும்" என்றார். பத்து மணிக்குச் சற்று முன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முன்னறையில் புது நெல் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் பரீதா அக்கா உட்கார்ந்திருந்தார். இளம்பச்சை முக்காடு. மெலிந்து நீண்ட முகம். அறையில் அத்தர் வாசம் கனமாக இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. என் அப்பாவின் கால் புண்ணுக்கு மருந்து கட்டிய நாட்களில் அந்த வாடையை அறிந்திருக்கிறேன். அதை உணர்ந்த கணத்திலேயே, நான் பிந்தி வந்துவிட்டேன் என்பது விளங்கிவிட்டது.

"நீங்களா எழுதின?" என்று கேட்டார். முகத்தில் உண்மையான சந்தோசம். "பெரிய ஆள் ஒராள் வருவாண்டு நினைச்ச. சின்னப் புள்ளையா இரிக்கீங்க. வாங்க, இரிங்க."

நான் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, அந்த நோட்டீஸில இருக்கிற எழுத்து என்னுடையதுதான். ஆனா பதக்கத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்னைக் கேக்காமப் போட்டவங்கள். அதால வருத்தம் மாறாது. நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வர வேணும்."

அவர் கழுத்துச் சங்கிலியை இழுத்துப் பதக்கத்தை முக்காட்டுக்கு வெளியே எடுத்தார். சாம்பல் நிறம், பெரிய பிஸ்கட் அளவு, நடுவில் பூக்கோலம்.

"பறவைட கண்ணுக்குள்ள ஒரு சாமான் இரிக்கி, அதுதான் வழி காட்டுதெண்டு எழுதினது பொய்யா?"

"இல்லை. அது உண்மை. அப்பிடித்தான் நினைக்கினம்."

"மனுசன்ட உடம்புக்குள்ளயும் அந்த வேல நடக்குதெண்டு எழுதினது?"

"அதுவும் கொஞ்சம் உண்மை. சாப்பாடு செமிக்கிற மாதிரியான வேலைகளைச் செய்யிற நொதியங்கள் இருக்கு. சில நொதியங்களுக்குள்ள ஒரு சின்னத் துணிக்கை தாண்ட ஏலாத மேட்டை ஊடுருவிப் போகுது. ஆனா…"

"அப்ப இது மட்டும் எப்பிடிப் பொய்யாகும்? ஒரே கடதாசில உண்மையும் பொய்யும் எப்பிடி இரிக்கும் தங்கச்சி?"

இதைவிட நியாயமான கேள்வியை என் பதிவுகளுக்கு வந்த ஆயிரம் பின்னூட்டங்களில் யாரும் கேட்டதில்லை.

என்னால் முடிந்தவரை சொன்னேன். பறவையின் கண்ணில் நடப்பது ஒரு நொடியைப் பத்து இலட்சமாக உடைத்தால் அதில் ஒரு துண்டு நேரமே நிலைக்கும். அது அந்தப் புரதத்துக்குள், அந்த வடிவத்தில் மட்டுமே நடக்கும். வெளியே தொங்கும் ஒரு கல்லுக்கு அந்த வேலை தெரியாது. ஒளிரும் புரதங்களைக் கொண்டு உயிருள்ள கலத்துக்குள் நடப்பதை அளந்து பார்க்க ஆய்வாளர்கள் முயல்வது உண்மை. ஒருநாள் நோயை முன்கூட்டியே காண அது உதவலாம். ஆனால் அது இன்னும் ஆய்வுகூட மேசையை விட்டு இறங்கவில்லை. இலைகள் ஒளியைப் பிடிப்பதிலும் குவாண்டம் விதிகள் இருக்கின்றன என்று நான் அதே பதிவில் எழுதிய ஒரு பகுதியை ஆய்வாளர்களே பிறகு திருத்திக்கொண்டார்கள். நான் என் பதிவைத் திருத்தவில்லை. அதையும் சொன்னேன்.

அவர் கவனமாகக் கேட்டார். பிறகு மெதுவாக, என்னைத் தேற்றுவதுபோல் சொன்னார்:

"பதக்கம் வித்த அந்தாள் அப்பவே சொன்ன. ஆஸ்பத்திரிக்காரங்க இத விடமாட்டாங்க, எழுதின ஆளையே வெருட்டி மாத்திச் சொல்ல வெப்பாங்கண்டு. உங்கள ஆரும் வெருட்டினதா புள்ள? பயப்பிடாமச் சொல்லுங்க."

நான் வருவேன் என்பதைக்கூட அந்த மனிதர் முன்பே விற்றிருந்தார். இனி நான் எதைச் சொன்னாலும் அது அவர் சொன்னதை நிரூபிக்கும்.

பையிலிருந்து கருவியை எடுத்தேன். என்ன செய்கிறேன் என்று சொன்னேன். முதலில் வாசலில் வைத்தேன். சற்று நேரத்துக்கு ஒருமுறை டிக் என்றது. நெல் மூட்டை மேல் வைத்தேன், அதே டிக். என் கையில், ரிஸ்வானாவின் கையில், தண்ணீர்க் குடத்தில், அதே டிக். "இது எல்லா இடத்திலயும் இருக்கிறது அக்கா, இதால பயமில்லை" என்றேன். பிறகு பதக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

டிக் ஒலி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரைச்சலாக மாறியது. சட்டியில் கடுகு வெடிப்பதுபோல. கருவியை விலக்கினேன், நின்றது. மறுபடி கிட்டக் கொண்டுபோனேன், வெடித்தது.

ரிஸ்வானா "யா அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பரீதா அக்கா சங்கிலியைத் தலைக்கு மேலால் கழற்றினார். அவசரமில்லாமல், முடியில் சிக்காமல் கழற்றி என் கையில் தந்தார்.

"நெஞ்சில வெச்சித்தான் படுக்கிற" என்றார். "அப்ப இதாலயா எனக்கு இது வந்த?"

"இல்லை அக்கா. கட்டி முதலே இருந்தது. இதால வந்த பெரிய கேடு, பத்து மாசம் போனதுதான்."

அதுதான் உண்மை. ஆனாலும் ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என் விளக்கம் எதையும் அந்த வீட்டில் நிறுவவில்லை. அந்தச் சத்தம்தான் நிறுவியது. பதக்கம் அவருக்குச் செய்த உண்மையான தீங்கில் அந்தச் சத்தம் காட்டிய கதிர்வீச்சின் பங்கு மிகச் சிறியது. அந்த மனிதர் வியப்பைக் காட்டி நம்ப வைத்தார், நான் பயத்தைக் காட்டி நம்ப வைத்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பரீதா அக்கா என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்திவிட்டு, கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்துக் காட்டினார். தங்கைக்கும் காட்டவில்லையாம். அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. கட்டி தோலைப் பிளந்து வெளியே வந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன். "பதக்கம் வேல செய்யிது, அதான் வெளிய வருதெண்டு அந்தாள் போன்ல சொன்ன" என்றார். துணியை மறுபடி கட்ட நான் உதவினேன்.

மதியம் அவருடைய கணவர் அன்சார் காக்கா வயலிலிருந்து வந்தார். தலை, புருவம் எல்லாம் அறுவடைத் தூசு. ரிஸ்வானா நடந்ததைச் சொன்னார். அவர் என்னிடம் கருவியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். சத்தத்தைக் கேட்டார். பதக்கத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த வாய்க்காலை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"வேண்டாம் காக்கா, தண்ணிக்குள்ள போடாதீங்க. அது வயலுக்குப் போற தண்ணி."

கை ஓங்கியபடியே நின்றார். பிறகு வாய்க்கால் வரம்பில் குந்திவிட்டார்.

"நாந்தான் கழுத்தில போட்டுவிட்ட" என்றார். "அவ வேணாமெண்டுதான் சொன்ன. ஆஸ்பத்திரிக்கே போவமெண்டு ஒருநாள் சொன்ன. நாந்தான் அந்த நோட்டீஸ நாலு தரம் வாசிச்சுக் காட்டின." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. "உங்கட எழுத்து நல்லா இரிந்திச்சி மிஸ். வாசிச்சா நம்பிக்க வரும்."

எட்டு வருடமாக எழுதுகிறேன். என் எழுத்தைப் பற்றி ஒருவர் சொன்னதில் என்னால் மறக்க முடியாதது இதுதான்.

பதக்கத்தை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடி, வீட்டுக்கு வெளியே வைத்தோம். நானும் ரிஸ்வானாவும் அன்று அங்கேயே தங்கினோம்.

மறுநாள் காலை ஆறரைக்கு நால்வரும் ஒரு வேனில் புறப்பட்டு வைத்தியசாலைக்குப் போனோம். இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் பதினொரு பேர். அன்சார் காக்கா வெளியே மரத்தடியில் நின்றார். ரிஸ்வானா பாடசாலைக்கு அறிவிக்கத் தொலைபேசியோடு எழுந்துபோனார். பரீதா அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அந்தப் பறவைட கதையச் சும்மா சொல்லுங்களன். மருந்துக்கில்ல. நேரம் போகட்டும்."

சொன்னேன். அந்த வருடம் பிறந்த குஞ்சு, தாய் கூட வராமலே, ஒருமுறையும் பார்த்திராத தேசத்துக்குத் தனியாகப் பறந்து வருவதைச் சொன்னேன். ஒளி இல்லாவிட்டால் அந்தத் திசைமானி வேலை செய்யாது, அதற்கு நட்சத்திரங்களின் மெல்லிய வெளிச்சமே போதும் என்பதைச் சொன்னேன். அந்தப் பறவைக்குப் பூமியின் காந்தப் புலம் எப்படித் தெரியும் என்று யாருக்கும் தெரியாது, பார்வையில் ஒரு நிழல்போலத் தெரியலாம் என்றேன். அவர் குழந்தைபோல் கேட்டார். "எங்கட வயலுக்கும் வரும் அப்பிடிச் சின்னப் பறவ. பேர் தெரியா" என்றார். பிறகு, "இத நல்லா எழுதுங்க. ஆனா மற்றதையும் எழுதுங்க. என்ட பேர மாத்திப் போடுங்க, ஊரப் போடுங்க. ஊரப் பாத்தாத்தான் எங்கட பொம்பிளையள் வாசிப்பாங்க" என்றார்.

வைத்தியர் ஓர் இளம் பெண். துணியை அவிழ்த்துப் பார்த்தார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்கவே இல்லை. அதற்காக அவருக்கு நான் என்றும் நன்றியுடையவள். மட்டக்களப்பிலுள்ள புற்றுநோய்ப் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தந்தார். பரீதா அக்கா வெளியே போனபின் என்னையும் ரிஸ்வானாவையும் நிறுத்தி, "சத்திரசிகிச்சைக்குச் சொன்ன அண்டைக்கே வந்திருந்தா நல்ல வாய்ப்பு இருந்திச்சு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் எடுத்த படங்களில் சுவாசப்பையிலும் முதுகெலும்பிலும் பரவியிருப்பது தெரிந்தது. மருந்து ஏற்றினார்கள். வலி குறைந்தது, புண்ணும் கொஞ்சம் ஆறியது என்று ரிஸ்வானா சொன்னார். ஏப்ரலில் ஒருமுறை பரீதா அக்காவே பேசினார். சத்திரசிகிச்சைக்குத் தனக்கு இப்போது சம்மதம் என்றும், பரவிவிட்டதால் இனி அதில் பயனில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார். ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் காலமானார். அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து நான் போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

பதக்கத்தை உரிய அரச அலுவலகத்தில் ஒப்படைத்தேன். வாங்கிவைத்துக் கடிதம் தந்தார்கள். விற்றவரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. வேறொரு மாவட்டத்தில் கூட்டம் வைக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். என் பழைய பதிவை அழிக்கவில்லை. அழித்தால் அந்த நோட்டீஸ் மட்டும்தான் மிஞ்சும். அந்தப் பதிவின் தொடக்கத்தில் திருத்தத்தையும் இந்தக் கதையின் இணைப்பையும் போட்டிருக்கிறேன். உயிருக்குள் நடக்கும் குவாண்டம் விந்தைகளைப் பற்றி இனியும் எழுதுவேன். ஆனால் "ஒருநாள்" என்ற சொல்லை எழுதும்போதெல்லாம், அந்த நாள் இன்று இல்லை என்பதையும் அதே வரியில் எழுதுவேன்.

பயணக் குறிப்பு. இதை அம்பாறையின் உள்ளூர்களில் இருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன், சுற்றுலா போகிறவர்கள் மன்னிக்கவும். மார்பில் கட்டியோ, தோலில் சுருக்கமோ, காம்பில் கசிவோ கண்டால், வலி இல்லாவிட்டாலும் அந்த வாரமே போங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை, அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டையும், முன்பு சோதித்த துண்டுகள் இருந்தால் அவையும் கொண்டுபோங்கள். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை. கூட ஒரு பெண்ணைக் கூட்டிப்போங்கள். தண்ணீர்ப் போத்தலும் சாப்பாடும் கையில் இருக்கட்டும், காத்திருக்க நேரிடும். அறுவடைக் காலத்தில் ஏழு மணிக்கு முன் புறப்பட்டால் வீதியில் இயந்திரங்கள் இராது.

அன்று காலை நாங்கள் வரிப்பத்தான்சேனை வீட்டு வாசலில் வேன் ஏறியது ஆறரைக்கு. வைத்தியசாலை வாசலில் இறங்கியபோது மணியைப் பார்த்தேன். பரீதா அக்கா பத்து மாதமாகப் பயந்து தள்ளிப்போட்ட அந்தப் பயணத்துக்கு எங்களுக்குப் பிடித்தது ஐம்பத்தைந்து நிமிடம்.